இரண்டாம் நாள், பென்னாகரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு
மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிபோல
துணியில்லாமல் எங்கே பிடிப்பதென்று தெரியவில்லை.

ஒன்றிய அலுவலகக் கூட்ட அறை.
மூன்று மின்விசிறிகளில் ஒன்றுதான் சுற்றியது.
நாற்பத்தொரு பெண்களும் அதன் பக்கமாகவே
நாற்காலியை நகர்த்தியிருந்தோம்.
வெளியே புளியமர நிழலில்
எங்களைக் கூட்டி வந்தவர்கள்
வண்டிமேல் உட்கார்ந்து
எங்கள் ஊராட்சிகளை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பெயரைச் சொல்லுங்கள் என்றார் எப்சிபா மேடம்.
சென்றாயன் சம்சாரம் மாதம்மாள் என்றேன்.
முன்னால் இருப்பதை விட்டுவிட்டு, என்றார்.
மாதம்மாள்.
அவ்வளவு சின்னதாக இருந்தது அது,
கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை வாங்காமல்
இறங்கிவிட்ட மாதிரி.

"வாயிலிருந்து கையை எடுங்க."

எடுக்கவில்லை.
எங்கள் ஊரில் சிரிப்புக்கென்று ஒரு முந்தானை உண்டு.
போர்த் தண்ணீர் குடித்து முளைத்த பல்
ராகிக் களி நிறத்தில், வரிவரியாக.
பெண் பார்க்க வந்தவர்கள்
என்னைப் பாடச் சொல்லவில்லை,
வாய் திறக்கச் சொன்னார்கள்.
பிறகு தங்களுக்குள் பேசி
அரைப் பவுன் கூட்டிச் சொன்னார்கள்.

பின்வரிசையிலிருந்து சௌடம்மா எழுந்தாள்.
"அவ பல்லைக் காட்டட்டும் மேடம்.
பெரிய தொட்டி வேணும்னு
பன்னெண்டு மனு எழுதிட்டோம்.
கலெக்டருக்கு இது சீக்கிரம் புரியும்."

சிரிப்பு.
சிரித்த உடனே நாற்பது கைகள்
ஒரே நேரத்தில் வாய்க்குப் போயின.
எல்லோரும் ஒரே கட்சி போல.

அடுத்தது வாக்காளர் பட்டியல்.
உங்கள் வார்டில் யார் யார் இருக்கிறார்கள்,
எதையும் பார்க்காமல் எழுத வேண்டும்.
எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்.
கண்ணை மூடினேன்.
குழாயடி வந்தது.

மூன்று நாளைக்கு ஒருமுறை வரும்
ஒகேனக்கல் தண்ணிக்கு
இருட்டிலேயே வரிசை போட்ட குடங்கள்.
முதலில் விளிம்பு உருகிய நீலக் குடம்: பெருமாயி.
மகன் ஓசூரில் கம்பெனி வேலை.
ஓட்டுப் போட வருவான், பஸ் காசு கேட்பான்.
கயிறு கட்டிய பெயின்ட் வாளி
போன ஆடிக்கு முன் வந்த மருமகள்.
அவள் பெயர் இன்னும்
அப்பன் ஊர்ப் பட்டியலில்தான் கிடக்கிறது.
இரண்டு பித்தளை, ஒரு ஒட்டுப்போட்ட தகரம்,
அதற்குப் பின்னால் எப்போதும் சண்டைக்கு நிற்கும் ஆரஞ்சு.
குடம் வர வர
ஆள் வந்தார்கள், வீடு வந்தது,
வீட்டுக்குள் யார் யாரோடு பேசுவதில்லை
என்பதும் வந்தது.

தொண்ணூற்று மூன்று குடம்.
கடைசிக் குடம் நஞ்சம்மாவுடையது.
எத்தனை மணிக்கு வந்தாலும்
அது கடைசிதான்.
அவள் தெருவின் பெயரைச் சொல்லித்
தள்ளி நிற்கச் சொல்வோம்.
"சொல்வார்கள்" என்று எழுதத்தான்
பேனாவை வைத்தேன்.
பிறகு கொஞ்சநேரம்
எதுவும் எழுதவில்லை.

ஐந்து மணிக்கு அவர் வண்டியை உதைத்தார்.
சுவர் விளம்பரத்துக்குப் பெயின்ட் வாங்கியாகிவிட்டதாம்.
அவர் பெயர் பெரிதாக,
கீழே என் பெயர், அதற்கும் கீழே பூட்டு சாவி.
"என்ன சொல்லிக் குடுத்தாங்க?
ஃபைலைக் குடு, பாக்குறேன்."
மடியில் இருந்தது.
கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.
காற்று அடித்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்,
அவ்வளவுதான்.

ஏரியூர் சாலையில்
தக்காளி லாரி ஒன்று எங்களை முந்திப் போனது.
"ஏங்க, நம்ம குழாயில
கடைசிக் குடம் யாருதுன்னு தெரியுமா?"
"எந்தக் குடம்?" என்றார்.

வாயை மூடாமல்தான் கேட்டிருந்தேன்.
லாரித் தூசி
பல்லில் நறநறத்தது.