சர்வீஸ் கால், பிடமனேரி

போனில் எல்லோரும் ஒன்றேதான் சொல்கிறார்கள்:
"ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா நின்னுபோச்சு."

அதுவாக எதுவும் நிற்பதில்லை.
கதவைத் திறந்தால் வலது சுவரில்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கா தகடு.
வீடு தன் வாக்குமூலத்தை அதில்தான் எழுதுகிறது:
கருகிய நெய்ப்புள்ளி,
கீரைக் கடைசலின் பச்சைத் தெறிப்பு,
இளகி வழிந்த ஐஸ்கிரீம் டப்பாவின் ஓரம்.

பாரதிபுரத்தில் ஓடு உரிக்காத முட்டை.
மஞ்சள் கரு மேற்கூரையில் காய்ந்திருந்தது.
எனக்குத் தெரியாது என்றான் பையன்.
அவன் புருவத்திலும் கொஞ்சம் இருந்தது.

பாலக்கோட்டில் ஒருவர்
மகளின் கணக்குப் பரீட்சைக்கு
பத்து நிமிஷம் டைமர் வைத்தாராம்,
உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீர்கூட இல்லாமல்.
சூடாக்க ஒன்றும் கிடைக்காத அலைகள்
புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய்
மேக்னட்ரானைத் தின்றுவிட்டன.
கணக்கு என்னவோ சரியாகத்தான் போட்டிருந்தாள்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன், தைரியமா தொடுங்க."
பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டருக்குள்
உட்கார்ந்திருக்கும், சத்தமே இல்லாமல்,
ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்கு.
அதை இறக்கிவிட்டுத்தான் நான் மூச்சு விடுவேன்.
மேல்மூடியைத் தாங்களே கழற்றிப் பார்ப்பவர்களுக்கு
என் இடது கட்டைவிரலைக் காட்டுவேன்:
நகம் பாதிவரைதான் வளரும்.

நேற்று பிடமனேரி.
மாதேஸ்வரி, ஸ்டாஃப் நர்ஸ், மாடி வீடு.
மேஜைமேல் ஒரு பீங்கான் கப்,
விளிம்பில் தங்கக் கோடு,
கோட்டில் ஓரிடம் மட்டும் கரி.

"ஆறு கப், கல்யாணத்துக்கு வந்தது.
பெரிய மனுஷங்க யாராவது வரட்டும்னு
பன்னெண்டு வருஷமா ஷோகேஸ்ல வெச்சிருந்தேன்.
நைட் டூட்டி முடிஞ்சு வந்தேன்.
எனக்கே ஒண்ணு எடுத்துப்போம்னு தோணுச்சு.
பால் வெச்சேன்.
வெல்டிங் மாதிரி வெட்டுது சார்!"

திறந்தீர்களா என்றேன்.
"ஸ்டாப் அழுத்தினேன், சுவிட்சை அணைச்சேன்,
அஞ்சு நிமிஷம் தள்ளி நின்னேன்.
வெந்நீர் பட்டு வர்றவங்களை
தினம் பார்க்கிறவ சார் நான்.
கொதிக்காத மாதிரியே சும்மா இருக்கும் தண்ணி,
ஸ்பூனைப் போட்டதும் பொங்கி மூஞ்சியில அடிக்கும்.
அதுக்குத்தான் மரக்குச்சி போட்டே வைப்பேன்.
எல்லாம் தெரியும்.
தங்கம்தான் தெரியாமப் போச்சு."

தங்கமும் உலோகம்தானே, மேடம்.
எவர்சில்வர் டம்ளர் என்றால் யாரும் வைக்க மாட்டார்கள்.
இது பூ மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

தகடு மாற்றினேன். கதவின் விளிம்பைத் துடைத்து
மூடிப் பார்த்தேன், கொக்கி சரியாக விழுந்தது.
சாதாரணக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து
ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினேன்.
களி சூடாக்கினால் மேலே தண்ணீர் தெளியுங்கள்,
மூடியை இறுக்காதீர்கள்,
திறக்கும்போது ஆவி முகத்துக்கு வராதபடி
எதிர்ப்பக்கம் தூக்குங்கள் என்றேன்.
வழக்கமாகச் சொல்வதுதான்.

அவர் கேட்டது அதையல்ல.
"அப்ப மறுபடி ஷோகேஸ்லயே வெச்சிடவா?"

ஆறு கப்பையும் பார்த்தேன்.
ஐந்து பளபள. ஒன்று மட்டும்
ஒரு வேலை செய்ததுபோல இருந்தது.

அடுப்புக்குத்தான் ஆகாது மேடம்.
மோர் ஊற்றலாம். ஃபில்டர் காபியை
வெளியே சூடாக்கி இதில் ஊற்றலாம்.

பில் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம்.
கொத்தமல்லி மிதக்கும் மோர்
தங்க விளிம்போடு வந்தது,
கரி பட்ட இடம் அவர் பக்கம் இருக்கும்படி திருப்பி.

குடித்து முடிக்கும்வரை
அடுத்த போனை எடுக்கவில்லை.
அது அடித்துக்கொண்டே இருந்தது.
ஒண்ணுமே பண்ணலைங்க.