கடைசி எண்

கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம்.
கடைசி இலக்கம் அதன் எண்ணே இல்லை,
முன்னால் இருப்பதெல்லாம் மெய்தானா என்று
சரிபார்க்க வைத்தது.
ஒன்பது வருஷமாக மணலி யார்டு கேட்டில்
அதைத்தான் எழுதுகிறேன்.
டிரெய்லர் வரும், எழுதுவேன், டிரெய்லர் போகும்,
மேசைத் தூசியில் என் முழங்கை இரண்டும்
தனியாகத் தெரியும்.

ஆடி மாசம் ஒரு ஆறை எட்டாக எழுதிவிட்டேன்.
தணிகைவேலு சார் லெட்ஜரை விட்டெறிந்தார்.
"ஒரு நம்பரப் பாத்து எழுதத் துப்பில்ல,
இதுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்தவன் எவன்?"
டிரைவர்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள்.
ஒருவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

பல்வலி என்று சொல்லி அரைநாள் லீவு எடுக்கிறேன்.
இதுவரை மூன்று கடைவாய்ப்பல் போயாச்சு.
கேன்டீனில் இடதுபக்கமாக மட்டுமே மெல்லுகிறேன்.
பாக்கியலட்சுமி கிராம்பு கொண்டுவந்து தருகிறாள், பாவம்,
அவளிடமும் சொல்லவில்லை.

காலடிப்பேட்டையில் மெட்ரோ ஏறுவேன்.
தண்டையார்பேட்டைக்கு மண்ணுக்குள் இறங்கும்போது
வெளிச்சம் போய்விடும்,
ஜன்னலில் ஊருக்குப் பதில் நான்.
அவளிடம் பேசிப் பார்ப்பேன்.
ஏன் அந்த வேலையை விடுகிறீர்கள்?
"வளர்ச்சிக்காக" என்பேன்.
அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

கிண்டியில் ஒரு பையன் கேட்டான்,
ஐந்து வருஷத்தில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
தம்பி, சாயங்காலம் கொருக்குப்பேட்டை கேட்டைப் போட்டுவிட்டால்
ராத்திரி எட்டு மணிக்கு நான் எங்கே இருப்பேன்
என்பதே எனக்குத் தெரியாது.
இதைச் சொல்லவில்லை.
"டீம் லீடராக" என்றேன்.
தெரிவிக்கிறோம் என்றார்கள்.

போன செவ்வாய், டோல்கேட் பக்கம் நவ்ஷாத் ஜெராக்ஸ்.
மூடியைத் தூக்கினால்
கண்ணாடி மேல் யாரோ மறந்துவிட்ட ஒரிஜினல்.
பத்தாம் வகுப்பு, மார்ச் 1991.
லேமினேஷன் ஓரம் பழுத்து, இன்னும் சூடாக.
பெயர்: ச. தணிகைவேலு.
கணிதம்: முப்பத்தாறு.
"இப்பதாம்மா போனாரு. ரெஸ்யூமோட சேத்து பத்து காபி.
பஸ்ஸப் புடிக்க ஓடுனாரு."

சிரிக்கத்தான் வந்தது.
முப்பத்தாறு, முப்பத்தாறு என்று
வாய்க்குள் போட்டு உருட்டினேன்.
பாக்கியலட்சுமிக்கு அனுப்ப போனை எடுத்துவிட்டேன்,
போகஸ்கூடச் செய்துவிட்டேன்.
பிறந்த தேதி திரையில் பெரிதாக வந்தது.
ஐம்பது ஆகிறது இந்த மனுஷனுக்கு.
எந்தப் பையன் எதிரில் உட்கார்ந்து
ஐந்து வருஷத்தில் எங்கே என்று கேட்டிருப்பான்?
இவர் என்ன சொல்லி லீவு போட்டிருப்பார்?

அந்தச் சூட்டின் மேலேயே என் மார்க் ஷீட்டை வைத்து
நானும் பத்து காபி எடுத்தேன்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்னால்
கேட் பாஸ் புத்தகத்துக்கு நடுவே செருகி வைத்தேன்.
பார்த்தார். மூடினார்.
ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்
என்னிடம் வந்ததும் ஃபேனைப் பார்த்தார்.
மனம் மாறினார் என்றெல்லாம் இல்லை,
பதினோரு மணிக்கே ஒரு கிளீனர் பையனை
அவன் அம்மாவை இழுத்துத் திட்டினார்.

சாயங்காலம் லீவு லெட்டரை நீட்டினேன்.
"எத்தனாவது பல்லு?"
"நாலாவது சார்."
கையெழுத்துப் போட்டார்.
"வியாழக்கிழமை மட்டும் வேணாம்.
அன்னிக்கு நான் இருக்க மாட்டேன்."
கொஞ்ச நேரம் பேனா மூடியைத் தேடினார்.
"கண்ணு டெஸ்ட்டு" என்றார்.

வெளியே ஹாரன்.
நாலு எழுத்து, ஆறு இலக்கம் எழுதிவிட்டேன்.
கடைசியில் இருப்பது ஆறா எட்டா?
எழுந்து போய்
துருவின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன்.