பதினேழில் ஏறுகிறேன்

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
வாண்டர்ஹூஃபில் என் பட்டறைக்குள்
பனியை உதிர்த்துக்கொண்டே நுழைந்தது
லவீனாவின் பிக்கப்,
தொண்ணூற்றெட்டாம் வருடத்து ஃபோர்டு.
டாஷ்போர்டுக்குக் கீழே
பேன் பார்த்துப் பாதியில் விட்ட தலைபோல் வயர்கள்.
சிகரெட் லைட்டரில் செருகிய ரேடியோ ஒன்று,
சீட்டுக்கடியில் உருளும் ரேடியோ இன்னொன்று.
"பேசினால் போதும் எனக்கு" என்றாள்.
"பார்க்கவும் சகிக்க வேண்டும் எனக்கு" என்றேன்.

பேட்டரியிலிருந்து நேராகச் சிவப்பு, நேராகக் கறுப்பு,
கை எட்டும் இடத்தில் ஃபியூஸ்.
எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே உள்ள தகட்டில் துளையிட்டு
ரப்பர் வளையம் பொருத்தினேன்.
இரும்பின் விளிம்புக்குப் பொறுமை அதிகம்,
ஐந்து வருடம் காத்திருந்து வயரை அறுக்கும்.
கதவோரப் பட்டியைக் கழற்றினால் அடியில்
இரண்டு டாலர் நாணயம், பைன் ஊசிகள்,
பல் பதிந்த பென்சில்,
ஒரு ஸ்வெட்டர் பின்னுமளவு நாய்முடி.
நாணயத்தைக் கொடுத்தேன்.
முடியைப் பற்றி இருவரும் பேசவில்லை.

பிளாஸ்டிக் கட்டு
இந்தக் குளிரில் பட்டென்று தெறிக்கும்.
துணி டேப் சுற்றினேன், சாணுக்கு ஒரு சுற்று.
ஆன்டெனா வயரை மடக்கவில்லை,
தூங்கும் பூனையின் முதுகளவு வளையவிட்டேன்.
கூரையின் நட்டநடுவில் துளை போடும்போது மட்டும்
லவீனா வெளியே போய் நின்றாள்.

மேலே சாலைக்கு ஒன்று, கீழே முகாமுக்கு ஒன்று.
இரண்டு மைக்கும் வலப்பக்கம், ஒரே உயரத்தில்.
ஒரு வயர் கண்ணுக்குத் தெரியவில்லை.
போட்டோ எடுத்துக்கொண்டேன்.
கர்வம்தான்.

ஏறி உட்கார்ந்தாள்.
கண் நேராக முன்னால்.
இடக்கை மட்டும் கதவுப்பக்கம் போய்
வெறுங்காற்றைத் துழாவியது.
"வலப்பக்கம்" என்றேன்.
"வலக்கை கியர்மேல் இருக்கும்.
பதினேழாம் கிலோமீட்டர் ஏற்றத்தில் விட்டால்
துள்ளி நியூட்ரலுக்குப் போய்விடும்."
"அப்போது ஸ்டியரிங்?"
முழங்காலைத் தட்டிக் காட்டினாள்.

வயரின் நெளிவு சுளிவு எனக்குத் தெரியும்.
சாலையின் நெளிவு சுளிவு
அந்த முழங்காலுக்குத் தெரியும்.

சாலை மைக்கைக் கழற்றி
இடப்பக்கத் தூணில் மாட்டினேன்.
சுருள் வயர் ஸ்டியரிங்குக்கு முன்னால்
துணிக்கொடிபோல் தொங்கியது.
டாஷ்போர்டில் மிஞ்சின
பாம்புக்கடிபோல் இரண்டு துளைகள்.
பட்டி வைத்தேன், நிறம் சேரவில்லை.
தோண்டி எடுத்துவிட்டேன்.

சோதித்துப் பார்க்க நானும் கூடப் போனேன்.
பதினேழில்
பார்க்காமல் மைக்கை எடுத்தாள்:
"பதினேழில் ஏறுகிறேன், வெறும் வண்டி."
இரைச்சல் இல்லை. எஞ்சினின் சிணுங்கல் இல்லை.
பதிலும் இல்லை.
பிறகு, பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவதுபோல்
ஓர் ஆண்குரல்:
"இருபதில் இறங்குகிறேன், சுமையோடு."
"கிரெகோர்" என்றாள், "நிற்கமாட்டான்.
நிற்கவும் முடியாது."

சுமையோடு வருபவனுக்கே வழி.
பனி ஒதுக்கிய ஓரத்தில் வண்டியைச் சாய்த்து
விளக்கைத் தணித்தாள்.
அரை நிமிடமா, ஐந்து நிமிடமா.
நாற்பது டன் ஸ்ப்ரூஸ் மரம்
ஒரு தெருவே கிளம்பி வருவதுபோல் வந்து,
ஸ்டியரிங் மேலிருந்து ஒரு விரலைத் தூக்கி,
போனது.
கண்ணாடி முழுக்க வெள்ளை.

தெளிந்தபோது பார்த்தேன்,
என் கை டாஷ்போர்டைப் பிடித்திருந்தது.
இரண்டு துளைகளில் ஒன்றின்மேல்
கட்டைவிரல்.
லவீனா மைக்கை மாட்டினாள்,
பார்க்காமல்.
கியரைப் பிடித்துக்கொண்டு
மிச்ச ஏற்றத்தை ஏறினோம்.