கிராஞ்சிக் கல்லுக்கிடங்கு

லீவு ஒருநாள். ஸ்கூட்டியில் இரண்டு பேர்.
ஜெயபுரம் தாண்டியதும் காற்று உப்பாயிற்று.

கடலை அரை மணித்தியாலம் பார்த்தோம்.
போதும் போலிருந்தது.
நண்டு வலை தட்டிக்கொண்டிருந்த ஒருத்தி
"கிடங்கைப் போய்ப் பாருங்கோ, அதுதான் வடிவு" என்றாள்.

வெடி வைத்த துளைகள் சுவரில் இன்னும் வரிசையாய்.
அடியில் மழைத்தண்ணி, பாசிப் பச்சை.
கடலைவிட ஆழமாம்,
ஸ்ரெலா சொன்னாள்; அவளுக்கு நீந்தத் தெரியாது.

பணிஸ் துண்டொன்றைப் போட்டேன்.
மீன் வந்தது!
கல் எடுக்க வந்தவர்கள்
மீனும் விட்டுவிட்டா போனார்கள்?
கொக்கின் காலில் முட்டை ஒட்டி வருமாம்.
நான் நம்பவில்லை. மறுக்கவுமில்லை.

திரும்பும்போது
புது றோட்டின் தாருக்கடியில்
கிடங்கு முழுவதும் கிடந்தது.
இருபத்தைந்து கிலோமீற்றர்
அதன் மேலேயே ஓடினோம்,
இடையில் ஒருதரம்
பெற்றோல் அடிக்க நின்று.