ஒன்பதரை கிராம்

பெர்கனில் புயல் ஓய்ந்த மறுநாள்
குப்பைத்தொட்டிகளில் குடைகள் கிடக்கும்,
தலைகீழாய், விலா தெரிய.
மூன்றை எடுத்துவந்தாள் ஓட்னி.
ஒன்றில் ஏதோ வங்கியின் பெயர்.

முளை நிற்காது பனியில்,
வெண்ணெயில் குத்திய ஈர்க்குச்சி.
ஆகவே முக்கோணத் துணியில்
சதுரம் வெட்டினாள்.
மூலைக்கொரு நாடா, நான்கும் சேர ஒரு கயிறு.
எட்டு தைத்து
மாவு நிறுக்கும் தராசில் ஒன்றை வைத்தாள்.
ஒன்பது கிராம்.

ஒன்பதரை என்றான் சிவெர்ட்.
முடிச்சைச் சேர்க்கவில்லை நீ.

அந்த அரை கிராமுக்கு
ஒரு மாலை முழுக்கச் சண்டை.
அவன் முதுகுப்பைக்குள்
ஒரு கிலோ பழுப்புப் பாலாடைக்கட்டி இருந்தது.
அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஹர்டாங்கர்விட்டா. மார்ச். மூன்றாம் நாள்.
கயிறு கட்ட ஒரு மரமில்லை,
கல்லெல்லாம் எங்கோ அடியில்.
முழங்கை ஆழம் குழி எடுத்து
துணியில் பனி அள்ளி
மூட்டையாக்கிப் படுக்கவைத்து
மேலே மூடி மிதித்தார்கள்.
அரை மணி நேரம் தொடாதே என்றாள்,
பனியோடு பனி ஒட்டவேண்டும்.

பத்தாம் நிமிடம்
இழுத்துப் பார்த்தான் சிவெர்ட்.
கையோடு வந்தது.

மறுபடி தோண்டினான்,
இந்தமுறை இன்னும் ஆழமாய்,
தோள் வரைக்கும்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாதது நன்றாகவே கேட்டது.

இரவு இரண்டுக்குக் காற்று வந்தது.
கூடாரம் முகத்தில் படிந்து
விலகி
மறுபடி படிந்தது.
எட்டுக் கயிறும் எட்டுக் குரலில் முனகின.
தெருவில் இந்தத் துணியைத்தான்
கையிலிருந்து பிடுங்கி
கம்பியை ஒடித்துப் போட்டது இதே காற்று.
இப்போது பனியைத் தின்று வயிறு நிறைந்து
அது மண்ணுக்கும் வானுக்கும் நடுவே
அசையாமல் கிடந்தது.

விடிந்ததும் ஏழு வந்துவிட்டன.
எட்டாவது அவனுடையது.
மண்வாரி பட்டுத் தெறித்தது, சிமெண்டில் பட்டதுபோல்.
அறுத்துவிட்டுப் போகலாமா என்றான்.
அவள் பார்த்தாள்.
நாற்பது நிமிடம் கொத்தினான்.

வங்கியின் பெயரோடு மேலே வந்தது
ஒரு பனிப்பாறை,
தலையணை அளவு,
உள்ளே எங்கோ துணி.

அவள் அதை இரண்டு கையாலும் தூக்கி
பாலாடைக்கட்டி தீர்ந்துபோன இடத்தில் திணித்து
வாரை இறுக்கினாள்.
ஒன்பதரை, என்றாள்.
முடிச்சோடு.