ஒன்றேகால் விநாடி

ஒடுகத்தூர் தாண்டி மலையேறும்போதே
கைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன.
பீஞ்சமந்தையில் ஒன்றும் மிச்சமில்லை.
அதற்குத்தான் வந்தோம்,
நானும் ஒரு சோதனைப் பெட்டியும்
ஜீப் ஓட்டும் முனிரத்தினமும்.

சுகாதார நிலைய மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்கும் காயும் போர்வைகளுக்கும் நடுவே
ஆன்டெனாவை உச்சியிலிருந்து கொஞ்சம் தெற்கே சாய்த்தேன்.
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே
நிற்பதுபோல் நிற்கும் ஒன்று.
அதற்கு இந்த மலையும் காட்பாடியும் ஒரே புள்ளி.

காட்பாடி ஆய்வகத்தில் ஹெட்ஃபோனோடு இர்ஃபானா.
'கேட்குதா?' என்றேன்.

அது கிளம்பவே இல்லை.
பெட்டி முதலில் மனுப் போடுகிறது:
ஐயா, என்னிடம் ஒரு சொல் இருக்கிறது.
மேலே போய்க் கீழே சேர ஒரு கால் விநாடி.
எவ்வளவு இருக்கிறது? என்று திரும்பி வர ஒரு கால்.
இவ்வளவு, என்று சொல்ல ஒரு கால்.
சரி, அனுப்பு, என்ற உத்தரவு இறங்க ஒரு கால்.
அதற்கப்புறம்தான் சொல்.
அதற்கும் ஒரு கால்.

ஐந்து கால். ஒன்றேகால்.
அதற்குள் நான் இன்னொரு முறை கேட்டிருந்தேன்,
அவள் முதலாவதற்குப் பதில் சொல்லியிருந்தாள்,
இரண்டும் மோதி
இருவரும் மன்னிப்புக் கேட்டு
அந்த மன்னிப்புகளும் மோதின.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் எனக்கு இது பழக்கம்.
கையைத் தூக்குவேன்.
'எவ்வளவு நேரம் எடுப்பீங்க?'
இரண்டு நிமிடம், என்பதற்குள்
திரையில் அடுத்த பக்கம் வந்திருக்கும்.

'இன்னா மேடம், ஒரு வார்த்த பேச இம்மாம் நேரமா?'
முனிரத்தினம் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார்.
சொன்னேன்.
'வேலூர் பஸ் ஸ்டாண்டுல வெள்ளிக்கிழம சாயங்காலம்
கண்டக்டர கேட்டுக்கினு இருந்தா
திருவண்ணாமல வரிக்கும் நின்னுக்கினுதான் போவணும்.
வண்டி நிக்கறதுக்கு முன்ன
ஜன்னல்ல துண்டப் போட்றணும்.'

பதினான்கு பக்கத்தில் நான் எழுதிய தீர்வு
அந்தத் துண்டுதான்.
நாற்பது மில்லிவிநாடிக்கு ஓர் இடம்
முன்கூட்டியே உன்னுடையது. கேட்காதே, ஏறு.
சேர்ந்ததா என்று விசாரித்து நிற்காதே,
இரண்டு தரம் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போ.
பேச ஒன்றும் இல்லாதபோது
துண்டு மட்டும் உட்கார்ந்து பயணம் செய்யும்.
அந்தக் காலி இடங்களுக்கு
யார் காசு கொடுப்பது என்று
மேலாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நான்கு காலை வெட்டிவிட்டேன்.
ஐந்தாவது என் நிரலுக்குப் படியாது.
ஒளி
ஒற்றைக் காலில் நிற்கிறது.

மூன்று மணிக்குப் பவுனு சிஸ்டர் மாடி ஏறி வந்தார்.
இது வேலை செய்யுதா என்றுகூடக் கேட்கவில்லை.
ரிசீவரை என் கையிலிருந்து எடுத்து
ஹலோ இல்லாமல் ஆரம்பித்தார்:
'முப்பத்துநாலு வாரம். முதல் பிரசவம்.
நூத்தி அறுபதுக்கு நூத்திப் பத்து.
கால் வீக்கம். தலவலிங்கிறா.'

திரையில் பார்த்தேன்.
ஒவ்வொரு எண்ணும் தன் இடத்தில் ஏறி உட்கார்ந்தது.
இர்ஃபானா இன்னொரு தொலைபேசியில்
ஆஸ்பத்திரியைப் பிடித்தாள்.
'கூட்டிட்டு வரச் சொல்றாங்க.'

ஜீப்பின் முன் இருக்கையில்
நான் காலையில் விட்டுவந்த துப்பட்டா கிடந்தது.
சாலம்மாள் அதன்மேல் உட்கார்ந்தாள்.
பின்னால் அவள் புருஷன், சிஸ்டர், ஒரு குடம் தண்ணீர்.
எனக்கு இடமில்லை.

கால் விநாடியில் போன சேதிக்குப் பின்னால்
இரண்டரை மணி நேரம் ஜீப் இறங்க வேண்டும்,
மழையில் அரித்த அந்த ஏழாவது வளைவு வழியாக.
அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லை.

போர்வைகள் காய்ந்துவிட்டன. மடித்து வைத்தேன்.
பொழுது சாயும்போது
கீழே மரங்களுக்குள் ஒரு விளக்கு
தெரிந்து, போய், தெரிந்தது.
'ஏழாவது வளைவைத் தாண்டிட்டாங்க' என்றேன்
ரிசீவரில்,
அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாளா
என்று கேட்காமலே.