மூன்று மீட்டர் மேசை

டிசம்பர் பதினான்கு. மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது.
நகராட்சி அலுவலகத்தில் வெந்நீர்க் குழாய் வெடித்து
தரையெல்லாம் ஈரம்.
ஆஸ்கிரீமுரின் கையெழுத்தோ இன்றைக்குள் வேண்டும்.
வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
பனிக்கட்டியில் வழுக்கி வழுக்கி
மலையோரத்துக் கடைசி வீட்டுக்கு ஏறினேன்.

கதவைத் திறந்ததும் ஆட்டுக் கொழுப்பு காயும் வாடை.
வாடை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள்.
எங்கள் ஐஸ்லாந்து மூக்குக்கு
அதுதான் கிறிஸ்துமஸ்.

இலை ரொட்டி சுடும் நாள்.
ஒன்பது பேர், ஆளுக்கொரு சிறு கத்தி.
மடித்து, கீறி, பிரித்து,
கீறலின் நுனியை முந்தைய கீறலின் மேல் சாய்த்து
வட்ட மாவில் நட்சத்திரமும் தேவாலயமும்.
எட்டு வயது ஸ்வாவா மட்டும்
மண்வாரி இயந்திரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"விரி உன் தாளை" என்றாள் ஹல்பெரா,
"எப்படியும் மாவுக்கு அடியில் ஏதாவது தாள் வேண்டும்."
ஊரில் இந்த வரைபடம் முழுதாய் விரியும் மேசை
அது ஒன்றுதான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
இருபது ஆண்டு வளர்ச்சித் திட்டம்.
தெற்கே பதினொரு புது வீடு,
மழலையர் பள்ளிக்கு இன்னோர் அறை,
பழைய மீன் குளிர்கிடங்கில் என்ன செய்வதென்று
ஒரு கேள்விக்குறி
(அதை அழிக்க மறந்திருந்தேன்).
அப்புறம் அந்தச் சிவப்புக் கோடு.

அடியில் உள்ள எழுத்தைப் படிக்க முடியாவிட்டால்
மறுபடி தேய்க்க வேண்டும்; அது அவள் சட்டம்.
அப்பளத்தைவிட மெலிதாய்த் தேய்த்து
தாளின் வடமூலையில் பரப்பினாள்.
குனிந்தாள்.
மாவின் வழியே படித்தாள்:
"பனிச்சரிவு. பகுதி மூன்று."

கணக்குப் போட்டவர்கள் தலைநகரத்தில்.
கோடு இழுத்த கை என்னுடையது.
வீட்டுக்காரர்களுக்குக் கடிதம்
பண்டிகை முடிந்து போகட்டும் என்றிருந்தேன்.

"கோடு எங்கே நுழைகிறது?"
விரலால் காட்டினேன்:
அடுப்புக்கும் பாத்திரத் தொட்டிக்கும் நடுவே.
"அப்போ கழுவலாம், சமைக்கக் கூடாது."
யாரோ சிரித்தார்கள். ஆஸ்கிரீமுர் சிரிக்கவில்லை.
பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டு
மறுபடி மாட்டினான்.

"இடிப்பீர்களா?"
"இல்லை. கோடையில் இருக்கலாம்.
ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் முடிய."
அவள் ரொட்டியைக் கொழுப்பில் விட்டாள்.
பொங்கியது. திருப்பினாள். எடுத்தாள்.
மூடியால் அழுத்தித் தட்டையாக்கினாள்.
"அப்படியானால் கிறிஸ்துமஸ் கிடையாது."

இன்னொன்று விட்டாள்.
மண்வாரி இயந்திரம். கை ஒடிந்து வெந்தது.
ஸ்வாவா ஒடிந்த கையை முதலில் தின்றாள்.

எவ்வளவு நேரமோ கொழுப்பின் சத்தம் மட்டும்.
மேலே மலை.
ஜன்னலில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன,
மலை தெரியவில்லை.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தெற்கே வந்தாள்.
"இந்தப் பதினொரு வீட்டில்
சமையலறை எவ்வளவு?"
"இரண்டு மீட்டர் நாற்பது."
"இந்த மேசை மூன்று மீட்டர்."
நான் அறிந்த அளவுதான். இருந்தும்
ஒருவர் நாடாவை நீட்டினார்,
ஒருவர் பிடித்தார்.
மூன்று மீட்டர் நான்கு சென்டிமீட்டர்.

"எழுதிக் கொடுத்தால் ஆட்சேபணையாக எடுப்பாயா?"
"ஜனவரி ஒன்பது வரை எடுப்பேன்."
மாவு ஒட்டிய பென்சிலால்
மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
மேசை நுழையாது.
தேதி போட்டாள்.
ஒன்பது பேரும் ஒப்பமிட்டார்கள்.
ஸ்வாவாவுக்கு ஓட்டு இல்லை என்றேன்,
அவளும் போட்டாள்.

கையெழுத்து அன்று கிடைக்கவில்லை.
ஒரு டப்பா ரொட்டி கிடைத்தது.

ஜனவரியில் பதிவேட்டில் ஏற்றினேன்:
ஆட்சேபணை ஏழு.
அதற்குள் கொழுப்பு ஊறி
வடமூலையில் தாள் கண்ணாடியாகிவிட்டிருந்தது.
கோடு மட்டும் அப்படியே இருந்தது.
கீழிருந்த நிதிநிலைப் பக்கத்தையும்
இப்போது அதன் வழியே படிக்கலாம்:
சமையலறைகள், பதினொன்று,
ஒன்றுக்கு இவ்வளவு.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
சுவரை அறுபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளினால்
குளியலறை இடிக்கும்.
நாற்காலி போட இடம் வேண்டுமானால்
இன்னும் தள்ள வேண்டும்.